சீர் அலமாரியின் இரண்டாவது சாவி

ஐந்து நாளாகத் திவ்யலட்சுமியின் குரல் கேட்கவில்லை.

எழுத்து மட்டும் வந்துகொண்டிருந்தது. "சாப்பிட்டேன் அம்மா." "வேலை அதிகம் அம்மா." "ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வருகிறோம் அம்மா." வாட்ஸ்ஆப்பில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைபோல. மகள் சுகமாக இருக்கிறாள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று கேட்டார் வேலப்பன் பிள்ளை. முப்பத்துமூன்று வருஷம் செக்ரட்டேரியட்டில் குப்பை கொட்டி அண்டர் செக்ரட்டரியாக ரிட்டயர் ஆனவர். எழுத்தில் வந்ததுதான் அவருக்கு நடந்தது. மற்றதெல்லாம் வதந்தி.

நீலாம்பாளுக்கு அப்படியில்லை. அவள் மகள் டைப் அடிக்கிற ஆளே கிடையாது. ஒரு 'சரி' சொல்ல மூன்று நிமிஷம் பேசி அனுப்புவாள். நடுவில் குக்கர் விசில் கேட்கும், "இரும்மா, பால் பொங்குது" என்று கேட்கும், சிரிப்புக் கேட்கும். அப்படிக் குரலில் வந்த கடைசிச் செய்தி போன சனிக்கிழமையது.

"அம்மா, வேல கிடைச்சாச்சு. ரெண்டாந்தேதி சேரணும். ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் கொண்டுவரச் சொல்லியிருக்காவ. வினீத்கிட்ட இன்னும் சொல்லல்ல. நீயும் சொல்லாண்டாம், கேட்டியா."

அதை நீலாம்பாள் இருபது தடவையாவது போட்டுக் கேட்டிருப்பாள். சந்தோஷச் செய்திதான். ஆனால் கேட்கக் கேட்க, மருமகனிடம் சொல்லாண்டாம் என்ற கடைசி வரி மட்டும் தனியாகக் கழன்று காதுக்குள் நின்றது.

போன ஆவணியில் கல்யாணம் முடிந்த பெண்ணுக்கு இது முதல் ஆடி. பிறந்த வீட்டுக்கு அழைத்துவந்து வைத்துக்கொள்வதுதான் முறை. சம்பந்தியம்மாள் செண்பகவல்லி, "இந்தக் காலத்துல இதெல்லாம் யாரு பாக்கா?" என்று இழுத்தடித்ததையும், திடீரென்று மனம் மாறி ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருவதாகச் சொல்லி அனுப்பியதையும் போன வாரம் பார்த்தோம். சம்பந்தி வருகிறார்கள் என்றதும் வேலப்பன் பிள்ளை முதலில் யோசித்தது மகளைப் பற்றி அல்ல, சோபாவைப் பற்றி.

ஸ்ரீவராகத்து வீட்டுப் பழைய சோபாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் உட்கார்ந்தாலும் முனகும். "சம்பந்தி உக்காரும்போது சோபா வாயத் திறக்கப்படாது" என்று முடிவு செய்த பிள்ளை, வியாழக்கிழமை மதியச் சாப்பாடு ஆனதும் வெள்ளை ஆல்ட்டோவை வெளியே எடுத்தார். அதன் முன்கண்ணாடியில் 'கேரள அரசு' என்று ஒரு ஸ்டிக்கர் இருந்தது. ரிட்டயர் ஆன பிறகு யாரோ புகார் எழுதிப்போட்டதில் சுரண்டி எடுத்தார். சுரண்டின தடம் மட்டும் மிச்சம். வெயில் ஒரு பக்கமாக அடித்தால் இன்றைக்கும் வாசிக்கலாம்.

இன்றைக்கு வெயில் இல்லை. ஈஞ்சக்கல் தாண்டி பைபாஸில் ஏறியபோதே கிழக்கே வானம் அடுப்புக்கரிபோலக் கிடந்தது.

"கடையிலேருந்து திவ்யா ஃபிளாட்டு ரெண்டு கிலோமீட்டர்தானே? சோபாவப் பாத்துட்டு ஒரு எட்டு போய்ட்டு வருவோம்" என்றாள் நீலாம்பாள்.

"சொல்லாம கொள்ளாமலா? சம்பந்தி வீடாக்கும்."

"எனக்க மக வீடு."

"முறைன்னு ஒண்ணு உண்டு நீலா. ஞாயிற்றுக்கிழமை அவங்க வராங்க. எழுதியே தந்தாச்சு. பின்ன என்ன?"

அவள் இடுப்பில் சொருகியிருந்த சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டாள். அதில் ஒன்று அவள் வீட்டில் எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி. மகளுக்குக் கொடுத்த சீர் அலமாரியின் இரண்டாவது சாவி. ஒரு சாவி பெண்ணோடு போகும், மற்றது பிறந்த வீட்டில் இருக்கும். நீலாம்பாள் வீட்டில் அவள் அம்மா காலத்திலிருந்து அப்படித்தான். ஏன் என்று கேட்டவர்கள் கிடையாது. பூட்டின வீட்டுக்குள் பெண் ஒற்றையாக நிற்கக்கூடாது என்று யாரோ ஒருத்தி எப்போதோ நினைத்திருப்பாள்.

கழக்கூட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் இருந்தது 'வுட்கொட்டாரம் ஃபாக்டரி அவுட்லெட்'. மலையாளத்தில் கொட்டாரம் என்றால் அரண்மனை. இந்த அரண்மனை பழைய கயிற்றுக் கோடவுன், தகரக் கூரை. வாசலில் கர்க்கடக மாதத் தள்ளுபடி, அதாவது நம்ம ஆடித் தள்ளுபடி, என்று ஆளுயரத்துக்கு பேனர் கட்டியிருந்தார்கள். எழுபது சதவீதம் 'வரை'. எழுபது யானை அளவு. வரை எறும்பு அளவு.

உள்ளே கால் வைத்ததும் கழுத்தில் டை கட்டிய லிபின் ஓடிவந்தான். பாறசாலைக்காரன். தமிழா மலையாளமா என்று அவனுக்கே தெரியாத ஒரு பாஷையில் சரளமாகப் பேசுகிறவன்.

"வாங்க சாரே, வாங்க. சுகந்தன்னே? அந்த வெட்டிங் செட்டு எங்ஙன உண்டு? கம்ப்ளெயின்ட் ஒண்ணும் இல்லல்லோ?"

வேலப்பன் பிள்ளை நின்றார். இல்லாத ஃபைல் ஒன்றைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார்.

"எந்த செட்டு? உமக்கு ஆள் மாறிப்போச்சு."

"அல்ல சாரே, லாஸ்ட் இயர்..."

"ஆள் மாறிப்போச்சுன்னு சொன்னேன்லா."

லிபின் டையைச் சரிசெய்துகொண்டு ஒரு அடி பின்னால் போனான். முகம் தெரிந்த வாடிக்கையாளர் முகத்தில் அடித்தால் எந்த சேல்ஸ்மேனுக்கும் வலிக்கும். நீலாம்பாள் புருஷனுடைய காதுமடல் சிவந்திருப்பதை மட்டும் பார்த்துவைத்தாள்.

சோபா பார்க்கிற படலம் தொடங்கியது. பிள்ளை ஒவ்வொரு சோபாவின் கையையும் விரல்முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இது தேக்கா?"

"ரப்பர் வுட்டு சாரே. தேக்கு ஃபினிஷ்."

"ஃபினிஷ்னா என்ன? தேக்குன்னா தேக்கா இருக்கணும். எனக்க மக கல்யாணத்துக்கு நிலம்பூர் தேக்கு வரவழைச்சு, ஆசாரிய வச்சு, நாப்பது நாளு பக்கத்துல நின்னு..."

பத்து மாதமாகப் பழகிய பேச்சு. கல்யாண மண்டபத்தில் சொன்னது, பென்ஷனர் சங்கத்தில் சொன்னது, பத்மநாபசுவாமி கோயில் கிழக்கு நடையில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொன்னது. வழக்கமாக இந்த இடத்தில் குரல் ஒரு படி ஏறும். இன்றைக்கு லிபின் மரியாதையோடு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு நாற்பதாவது நாளோடு நின்றுபோனது.

அப்போதுதான் மழை பிடித்தது. சும்மா மழை இல்லை. தகரக் கூரைமேல் லோடு லோடாக ஜல்லி கொட்டினாற்போல ஒரு சத்தம். விளக்குகள் ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தன. பேசுகிறவர்கள் வாய் அசைகிறது, பேச்சு கேட்கவில்லை.

நீலாம்பாள் நடந்தாள். எங்கே என்று யோசிக்கவில்லை. கோடவுனின் கடைசியில் பிளாஸ்டிக் திரை ஒன்று தொங்கியது. அதற்கு அப்பால் திரும்ப வாங்கிய சாமான்களின் பகுதி.

முன்பக்கம் இருந்தது கடை. இது வேறு. கட்டில்கள் ஒருக்களித்து நின்றன. சாப்பாட்டு மேஜை ஒன்றின்மேல் சூடுபாத்திரம் வைத்த வட்டத்தடம். தொட்டில் ஒன்று, அதில் கட்டின மணியோடு. ஒவ்வொரு குடும்பத்துச் சாமானையும் சேர்த்துச் சேர்த்து வைத்திருந்தார்கள். மனுஷர்களை மட்டும் எடுத்துவிட்டு வீடுகளை அப்படியே கொண்டுவந்து நிறுத்தினதுபோல இருந்தது.

ஒரு டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியின் ஓரத்தில் ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. மெரூன் நிறம். சின்னது, ரொம்பச் சின்னது. திவ்யா வைக்கிற அளவு.

'எல்லாப் பிள்ளைகளும்தான் மெரூன் வைக்குது' என்று சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் அந்த அலமாரி தெரிந்தது. அதையடுத்துக் கட்டில். கைப்பிடியில் விலைச்சீட்டு. பழைய விலையைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள்.

மூன்று கதவு அலமாரி. நெற்றியில் மயில் இரண்டு. ஆயிரம் அலமாரியில் மயில் இருக்கும்.

அவள் இடதுகதவைத் திறந்தாள்.

உள்பக்கம், கண்ணுக்கு நேராக, மஞ்சள் கை. ஐந்து விரல் பதிந்த வலது கை. காய்ந்து வெடித்துப் பழுப்பேறியிருந்தது. சுண்டுவிரல் மட்டும் மற்ற நாலோடு சேராமல் வெளியே மடங்கி நின்றது. சின்ன வயதில் கிணற்று ராட்டில் நசுங்கின விரல். சீர் லாரியில் ஏறுவதற்கு முன்னால் மஞ்சள் குழைத்து அவள்தான் வைத்தாள்.

நீலாம்பாள் தன் கையை அதன்மேல் வைத்தாள். அளவெடுத்ததுபோலச் சேர்ந்தது.

"என்ன நீலா, இங்க வந்து நிக்க?" பிள்ளை திரையை விலக்கிக்கொண்டு வந்தார். அலமாரியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இதே மாடல் நிறைய உண்டு, பாத்துக்கோ. ஒரே மாதிரி அடிச்சு விடுவான்."

"ஆசாரி உக்காந்து செஞ்சதுக்கு மாடல் எங்கேருந்து வந்தது?"

மழை இன்னும் கொஞ்சம் பலமாகப் பெய்திருந்தால் அந்தக் கேள்வி கேட்காமல் போயிருக்கும். அவர் அதிர்ஷ்டம், அந்த நொடி பார்த்து அது மூச்சு வாங்கியது.

அவள் சாவிக்கொத்தை எடுத்தாள். அலமாரிக்குள் இருந்த சின்ன லாக்கரில் அந்தச் சேராத சாவியைப் போட்டாள். சாவி எண்ணெய் போட்டதுபோலத் திரும்பியது.

உள்ளே பச்சைநிறத் துணிப்பை ஒன்று. அதில் திவ்யாவின் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பி.டெக். எல்லாச் சான்றிதழும், பிளாஸ்டிக் உறை மாறாமல். கூடவே புதிதாக ஒரு தாள், வேலைக்கான ஆர்டர். ரெண்டாந்தேதி சேரவேண்டியது. இன்றைக்குத் தேதி இருபத்தொன்பது.

"இத விட்டுட்டு அவ அலமாரிய குடுப்பாளா?" என்றாள் நீலாம்பாள். யாரிடமும் கேட்கவில்லை. "அவளுக்குத் தெரியாம எடுத்திருக்காவ."

"பதறாத. ஏதாவது காரணம் இருக்கும். புது செட்டு வாங்கியிருப்பாங்க. ஐடி சம்பளம்லா..."

அவள் போனை எடுத்து மகளின் எண்ணை அழுத்தினாள். ஐந்து நாளாக எடுக்காத போன் இன்றைக்கு நாலாவது மணியில் எடுபட்டது.

"சொல்லுங்க அத்தை." வினீத். எப்போதும்போல இழைத்த குரல், கஸ்டமர் கேரில் பேசுகிறவர்களுக்கு வருகிற பணிவு.

"திவ்யா எங்க?"

"படுத்திருக்கா அத்தை. லேசா காய்ச்சல். இப்பதான் கண்ணசந்தா."

"கட்டில்லயா?"

"கட்டில்லதான்." சின்னதாகச் சிரித்தான். "வேற எங்க படுப்பா?"

நீலாம்பாள் கட்டிலின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தாள். விலைச்சீட்டு அவள் முழங்காலில் உரசியது.

"குளிருமே. அலமாரியில மேல்தட்டுல ஒரு போர்வை வச்சிருந்தேன், நீலக்கரை போட்டது. எடுத்துப் போத்தி விடுங்க."

"போத்திட்டேன் அத்தை. நீலக்கரைதானே? அதேதான்."

நீலக்கரை போட்ட போர்வை என்று ஒன்றை அவள் வாழ்நாளில் வாங்கினதில்லை.

"அங்க மழை எப்படி?"

"மழையா? சுள்ளுன்னு வெயிலடிக்குது அத்தை. துணியெல்லாம் காயுது."

தகரம் தலைக்குமேல் இடித்துக்கொண்டிருந்தது. அவன் இருப்பதாகச் சொல்கிற ஃபிளாட்டு இரண்டு கிலோமீட்டர்.

"அத்தை, உங்க பக்கம் என்ன சத்தம்?"

"மழைதான். வீட்டுல."

"உங்க வீடு ஓட்டு வீடாச்சே." இழைத்த குரலில் முதல்முறையாக ஒரு சிராய் நீட்டிக்கொண்டது. "இது தகரத்துல விழற சத்தமாட்டு இருக்கு. எங்க இருக்கீங்க அத்தை?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

"என்ன சொன்னான்?" என்றார் பிள்ளை.

"எனக்க மக இந்தக் கட்டில்ல படுத்திருக்காளாம்."

துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் திரையைத் தள்ளி வெளியே நடந்தாள். முன்னால் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஷிஜா உட்கார்ந்திருந்தாள். கவுண்டர் பொறுப்பு. இமையை உயர்த்தக்கூட சட்டம் பார்க்கிற பெண்.

"அங்க நிக்க மயில் போட்ட அலமாரி, கட்டில் எல்லாம் யாரு கொண்டுவந்து தந்தது?"

"அது சொல்ல முடியாது அம்மா. வாங்கின கஸ்டமர் பில்லோட வந்தா மட்டும் காட்டுவோம்."

"வாங்கினது நாங்கதான்."

ஷிஜா லிபினைப் பார்த்தாள். லிபின் கூரையைப் பார்த்தான்.

"எனக்கு ஆள் மாறிப்போச்சுன்னு சார்தானே சொன்னாரு. நமக்குத் தெரியாது" என்றான்.

எல்லாரும் வேலப்பன் பிள்ளையைப் பார்த்தார்கள். பக்கத்தில் சோபா பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு தம்பதி, நாற்பது நாள் ஆசாரிக் கதையின் மீதியைக் கேட்கும் ஆவலோடு இவர் பக்கம் திரும்பி நின்றது. பிள்ளை சட்டைப்பையைத் தடவினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். ஃபைலை இன்னொரு செக்‌ஷனுக்குத் தள்ளிவிட வழியிருக்கிறதா என்று பார்த்தார். வேறு செக்‌ஷன் இல்லை.

"நான்தான்" என்றார். "இங்கதான் வாங்கினேன்."

"சத்தமா சொல்லுங்க சாரே, மழை" என்றான் லிபின்.

"இங்கதான் வாங்கினேன். போன வருஷம். தள்ளுபடியில."

நீலாம்பாள் அவரை நிதானமாகப் பார்த்தாள். "அப்போ ஆசாரி?"

"ஆசாரி இல்ல."

"தினம் காலையில குடையும் அளவுநாடாவும் எடுத்துட்டுப் போனீங்களே, நாப்பது நாளு?"

"மியூசியத் தோட்டத்துல இருந்தேன். பெஞ்சில."

மற்றொரு நாளாக இருந்தால் இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு அவள் ஆறு மாதம் சிரித்திருப்பாள். இப்போது "பேப்பரக் காட்டு மோளே" என்று ஷிஜாவிடம் திரும்பினாள்.

ஷிஜா ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவி கவுண்டரில் வைத்தாள். இந்தக் கடையில் வாங்கியதை ஐந்து வருஷத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். வாங்கியவர் ஒரிஜினல் பில்லோடு சம்மதக் கடிதம் தரவேண்டும். மேற்படி சாமான்களில் தனக்கோ தன் குடும்பத்தாருக்கோ இனி எந்த உரிமையும் இல்லை என்று மலையாளத்திலும் இங்கிலீஷிலும் அச்சடித்திருந்தது. சாமானை ஏற்றிய இடம், கழக்கூட்டம், எட்டாம் மாடி. நாள், செவ்வாய்க்கிழமை. குறிப்பு என்ற கட்டத்தில் ஒரே வரி: 'ஃபிளாட் முழுதும் காலி.'

அடியில் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைத் தெரியாதவர்கள் ஸ்ரீவராகத்தில் கிடையாது. கோயில் கமிட்டி நோட்டீஸிலும் பால் சொசைட்டி மகஜரிலும் இருப்பது. மேலே சுழி, நடுவில் பெயர், கீழே 'அண்டர் செக்ரட்டரி (ஓய்வு)'. அது போதாதென்று ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்பு.

"நீங்க போட்டதா?"

பிள்ளை தாளை எடுத்தார். முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். ஒரு கமா விட்டுப்போனதற்காகக் கலெக்டர் ஆபீஸ் ஃபைலையே திருப்பி அனுப்பியவர். இந்தத் தாளை அவர் இப்போதுதான் முதல்முறையாக வாசிக்கிறார் என்பது அவர் உதடு அசைவதிலேயே தெரிந்தது.

"வாரண்டி நீட்டிக்கணும்னு வினீத் சொன்னான்" என்றார் கடைசியில். "போன மாசம் வந்தான். நீ கோயிலுக்குப் போயிருந்த. கட்டிலுக்கு அடியில இந்தக் கடை ஸ்டிக்கர் இருந்திருக்கு, நான் பாக்கல்ல. கல்யாணம் முடிஞ்ச ரெண்டாம் மாசமே கண்டுபிடிச்சுட்டான். 'மாமா, இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்'னான். மரியாதையாத்தான் சொன்னான். பில்லு கேட்டான், தந்தேன். கையெழுத்துக் கேட்டான்..."

"போட்டீங்க."

"எடுத்து வாசிச்சா, நீ வந்துருவியோன்னு."

நீலாம்பாளின் போன் அதிர்ந்தது. திவ்யாவின் எண்ணிலிருந்து எழுத்து. "இப்போதுதான் எழுந்தேன் அம்மா. காய்ச்சல் குறைந்துவிட்டது. நீங்கள் எந்தக் கடையில் இருக்கிறீர்கள்?"

அவள் அதைப் புருஷனிடம் நீட்டினாள். அவர் வாசித்தார். எழுத்தில் வந்ததை நம்புகிற மனுஷன், முதல்முறையாக எழுத்தைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினார்.

லிபின் இவ்வளவு நேரமும் டையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இப்போது பழிவாங்கின திருப்தி இல்லை.

"அம்மே" என்றான். "நேத்து ஒரு மோள் வந்தது. இதே அலமாரிய கேட்டு."

நீலாம்பாள் திரும்பினாள்.

"எங்ஙனயோ தேடித்தேடி வந்திருக்கு. லாரிப் பேர வாட்ச்மேன் சொன்னாராம். குடை இல்ல, முழுக்க நனஞ்சு. இடது கையில துணி சுத்தியிருந்தது. அந்த லாக்கர திறக்கணும்னு சொல்லிச்சு. சாவி உண்டான்னு கேட்டேன். எங்கிட்ட இருந்தத எடுத்து வச்சுட்டாங்க, இன்னொண்ணு எங்க அம்மாகிட்ட உண்டு, போய் வாங்கிட்டு வாரேன்னு சொல்லிச்சு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லிச்சு அம்மே."

"பொறவு?"

"போறதுக்கு முன்னால, இது யாரு கொண்டுவந்து தந்ததுன்னு கேட்டது. ரூல்ஸ் இல்ல, பாவமா இருந்ததுன்னு பேப்பரக் காட்டினேன்." அவன் ஷிஜாவைப் பார்க்காமல் பேசினான். "கையெழுத்த ரெண்டு மூணு தடவ பாத்தது. இது எங்க அப்பால்லான்னு கேட்டது. எனக்கு என்ன தெரியும்? போய் அந்தக் கட்டில்ல கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் எழுந்து, 'அப்போ அங்கயும் போக முடியாது'ன்னு சொல்லிச்சு. அவ்வளவுதான்."

வேலப்பன் பிள்ளை கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். கவுண்டரும் ரப்பர் வுட்டுதான். லேசாக ஆடியது.

"எங்க போறேன்னு சொல்லிச்சா?"

"இல்ல அம்மே. அலமாரிய யாராவது வாங்க வந்தா மட்டும் இதுல கூப்பிடுங்கன்னு ஒரு நம்பர் எழுதித் தந்தது. மத்த யாருக்கும் கொடுக்காதீங்கன்னும் சொன்னது."

சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தள்ளுபடி நோட்டீஸ் ஒன்றை எடுத்தான். எழுபது சதவீதத்துக்குப் பின்பக்கம், பத்து எண்கள். மை கொஞ்சம் கரைந்திருந்தது. ஏழுக்கு நடுவில் கோடு போட்டு எழுதுகிற அந்தக் கை நீலாம்பாள் பென்சில் பிடித்துப் பழக்கிய கை.

அவள் எண்ணை அழுத்தினாள். ஒரு மணி. இரண்டு. பிள்ளை பக்கத்தில் வந்து நின்றார், தோள் இடிக்கிற தூரத்தில். கேட்பதற்காகக் குனிந்தார். அவர் மூச்சு அவள் காதில் பட்டது.

எடுத்தார்கள். அங்கேயும் மழை பெய்தது. இங்கே பெய்கிற அதே மழை.

"மக்ளே" என்றாள் நீலாம்பாள்.

மறுமுனையில் ஒரு மூச்சு இழுபட்டது. ஐந்து நாளைக்குப் பிறகு கேட்கிற குரல். பழைய குரல்தான். ஆனால் ரொம்பத் தாழ்த்தி, சுவருக்குக் கேட்காமல் பேசுகிற மாதிரி.

"அம்மா, அப்பா பக்கத்துல நிக்காரா?"

வேலப்பன் பிள்ளை அவளைப் பார்த்தார். கும்பிடாத குறையாகப் பார்த்தார். அவர் கையில் அந்தத் தாள் இன்னும் இருந்தது.

"இல்ல மக்ளே" என்றாள் நீலாம்பாள், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே. "நான் தனியாத்தான் இருக்கேன். சொல்லு."